நல்ல தண்ணி

கற்பிட்டிக் கரையில் 'நல்ல தண்ணி' என்றால் உப்பில்லாத தண்ணீர். அவ்வளவுதான். புதிதாக ஒரு கிணறு வெட்டினால் வாளியை இறக்கி, ஒரு கை அள்ளி, நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கரிக்கவில்லை என்றால் நல்ல தண்ணி. கரித்தால் உப்புத் தண்ணி. மூன்றாவதாக ஒரு வகை இங்கே யாருடைய பேச்சிலும் இல்லை. நான் பிறந்த உடப்பிலும் அப்படித்தான்.

நேற்று பொலிஸ் நிலையத்தில் என் வாக்குமூலத்தை எழுதிய சார்ஜன்ட் அந்தச் சொல்லைச் சிங்களத்தில் 'ஹொந்த வத்துர' என்று எழுதினார். சொல்லுக்குச் சொல் சரி. பொருள் பிழை. அவர் நல்ல மனிதர். எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார். ஆனாலும், நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று, விசாரணை செய்யும் உங்களிடம் கேட்டது அதனால்தான். மொழிமாற்றத்தில் எவ்வளவு கீழே விழுந்துபோகும் என்று எனக்குத் தெரியும். அது என் வேலை.

என் பெயர் லவன். வயது முப்பத்தொன்று. பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தேன். ஐந்து வருடமாகக் கரையோர மகளிர் மையத்தில் கண்காணிப்பு அலுவலராக இருக்கிறேன். மையம் சிறியது. அதனால் அறிக்கை எழுதுவதும், படம் எடுப்பதும், வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தால் மொழிபெயர்ப்பதும் நான்தான். மையத்தை நடத்துகிறவர் மாக்கிறட் அக்கா. சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்.

என் மனைவி யதுர்சிகாவும் அங்கேதான் வேலை செய்தாள். மணல்தோட்டம் கிணற்றுத் திட்டம் அவளுடையது. மணல்தோட்டத்தில் நாற்பத்திரண்டு வீடுகள். முஸ்லிம் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் கலந்து இருக்கிறார்கள். சுற்றிலும் வெங்காயத் தோட்டம். வீட்டுக் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. பெண்கள் குடத்தோடு ஒன்றரைக் கிலோமீற்றர் நடந்து பள்ளிவாசல் குழாய்க்குப் போனார்கள். யதுர்சிகா அவர்களோடு ஒரு மாதம் நடந்தாள். பிறகு திட்டத்தை எழுதினாள். தோட்டங்களின் நடுவே ஓர் ஆழமான கிணறு, ஒரு தாங்கி, வீட்டுக்கு ஒரு குழாய்.

திட்டம் அனுமதிக்கப்பட்ட அடுத்த மாதம் அவள் இறந்தாள். டெங்கு. மூன்று நாள். ஏன் என்று டொக்டரிடம் கேட்டேன். நேரத்துக்குத்தான் கொண்டுவந்தீர்கள் என்றார். அப்படியென்றால் ஏன் என்று திரும்பவும் கேட்டேன். சில பேருக்கு அப்படித்தான் என்றார். அந்த விடையோடு பதினான்கு மாதம் இருந்திருக்கிறேன்.

கிணற்றுக்கு அவளுடைய பெயரை வைக்கலாம் என்று முதலில் சொன்னது மாக்கிறட் அக்காதான். நான் கேட்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பணம் தரும் அமைப்பு வெளிநாட்டில் இருக்கிறது. அவர்கள் அவளுடைய படத்தைக் கேட்டார்கள். அனுப்பினேன். அவளைப் பற்றி இருநூறு சொற்களில் எழுதித் தரச் சொன்னார்கள். இருநூற்றுப் பத்து வந்தது. பத்தை வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். பிறகு, ஓர் ஊழியரின் பெயரை வைப்பது அவர்களுடைய கொள்கைக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். மூன்று மாதம் பார்த்தார்கள். கடைசியில், அந்த அமைப்பின் தலைவி நேரில் வந்து மக்களின் கதையைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வார் என்று கடிதம் வந்தது. அவருடைய பயணம் இரண்டு தடவை பிற்போடப்பட்டது.

கிணறும் குழாய்களும் கல்லும் அதற்குள் தயாராகிவிட்டன. கறுப்புக் கல். அவளுடைய பெயர் வெள்ளை எழுத்தில். எட்டு மாதம் அது தாங்கிக்குப் பின்னால் சாக்கு போர்த்திக் கிடந்தது. நான் கிழமைக்கு ஒரு தடவை போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்ப்பேன்.

பயணம் கடைசியில் உறுதியானது. தலைவி மட்டும் வரவில்லை. நான்கு நன்கொடை அமைப்புகளின் ஆட்களும், மாவட்டத்தில் வேலை செய்யும் பதினொரு உள்ளூர் அமைப்புகளின் தலைவர்களும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். ஒவ்வோர் அமைப்புக்கும் ஏழு நிமிடம். நிகழ்ச்சிக்கு 'சமூகத் தாக்கப் பகிர்வு ஒன்றுகூடல்' என்று பெயர். மொழிபெயர்த்தது நான். அந்தத் 'தாக்கம்' என்ற சொல்லில் எனக்கே விருப்பமில்லை. வேறு சொல்லைத் தேட அலுப்பாக இருந்தது.

மணல்தோட்டப் பெண்களுக்கு அழைப்பிதழை வாசித்துக் காட்டியபோது சங்கத் தலைவி பஸீனா லாத்தா சிரித்துவிட்டார்.

"தாக்கமா? யாரு சேர் யாரத் தாக்கின? பொலிஸுக்குச் சொல்லியாச்சா?"

"திட்டத்தால வந்த நன்மை, லாத்தா. அதைத்தான் அப்படிச் சொல்றது."

"நன்மைக்கும் தாக்கந்தான், சுனாமிக்கும் தாக்கந்தான். நல்ல தமிழ் ஒங்கட. அப்ப வெங்காயத்துக்கு வெல இல்லாததையும் சொல்லுங்க. அது எங்கள நல்லாத் தாக்கினது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். சிரித்தேனா என்று நினைவில்லை.

மையத்தின் ஏழு நிமிடத்தில் இரண்டு நிமிடம் ஒரு தாய் பேச வேண்டும். மாக்கிறட் அக்கா ஸஃப்னாவைத் தெரிவு செய்தார். வயது இருபத்திரண்டு. கணவன் கட்டாரில். இரண்டு மாதக் கைப்பிள்ளை. கூச்சமில்லாமல் பேசுவாள்.

"லவன், அந்தப் பிள்ளையை அழ வைச்சுப்போடாதேங்கோ" என்றார் அக்கா. "ஆனா கொஞ்சம் கண் கலங்கினா நல்லம். போன முறை தில்லையடி அமைப்பு ஆக்கள் ஒரு கிழவியை மேடையில ஏத்திக் காசு எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போட்டினம்."

சனிக்கிழமை ஒன்றுகூடல். அதற்கு முந்திய திங்கள் பின்னேரம் ஸஃப்னா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மையத்துக்கு வந்தாள். பேச்சை ஒத்திகை பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கதிரையில் உட்காரவில்லை.

"சேர், இவன்ட ஒதட்டப் பாருங்க. நாவப்பழம் திண்ட மாதிரி இரிக்கி."

பார்த்தேன். அவள் சொன்னது சரியான உவமை. நகங்களும் அப்படித்தான் இருந்தன.

"எத்தனை நாளா?"

"நாலு நாளா. காய்ச்சல் இல்ல. சளி இல்ல. அழக்கொள்ள கூடுது. எனக்குப் பால் வத்திட்டுதானே, பால்மாதான் குடுக்கிறேன். பஸீனா லாத்தா சொல்றா, தண்ணிலதான் என்னமோ இரிக்கின்னு. நான் வாயில வச்சுப் பாத்தேன். நல்ல தண்ணிதான்."

"டொக்டரிட்டக் காட்டினீங்களா?"

"மிட்வைப் மிஸ் லீவு, சேர். அடுத்த கிழமைதான் வருவா. புத்தளத்துக்குக் கொண்டு போகவா? நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னாப் போறேன்."

நான் சற்று யோசித்தேன். பிறகு, அவசரமில்லை என்றேன். தண்ணீரைக் காய்ச்சி, ஆறவிட்டு, அதில் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் காய்ச்சிற?"

"கூடக் காய்ச்சினாக் கூட நல்லது. பாதியா வத்தினாலும் பரவாயில்லை."

அவளுடைய முகம் தெளிந்துவிட்டது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தால் மனிதர்களுக்கு அப்படி ஆகும். பிள்ளையின் தலையைத் துணியால் மூடிக்கொண்டு, வாசலில் திரும்பிப் பார்த்தாள்.

"யது அக்கா இருந்தாலும் இதத்தான் சொல்லிரிப்பா, சேர்."

ஓம் என்றேன்.

சனிக்கிழமை களப்பு ஓரத்து ஹோட்டலில் கூடினோம். மேசைக்கு மேசை தண்ணீர்ப் போத்தல்கள். பதாகையில் மூன்று மொழிகள். ஏழு நிமிடம் முடிந்தால் ஒரு பெண் சின்ன மணியை அடிப்பாள். ஒருவர் கோழிக்கூடுகளைப் பற்றிச் சொன்னார். ஒருவர் களப்பு ஓரத்தில் நட்ட கண்டல் மரக் கன்றுகளைப் பற்றிச் சொன்னார். எல்லாருடைய வரைபுகளிலும் கோடு மேலேதான் போனது. அப்படிப்பட்ட மண்டபங்களில் நான் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். செத்துப்போன கன்றுகள் எத்தனை என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. சொன்னால் அடுத்த வருடம் மணல்தோட்டமும் இல்லை, மையமும் இல்லை. எல்லாருக்கும் அது தெரியும். என் மீது மட்டும் குற்றம் காண்கிறவர்கள் அந்த மண்டபத்தில் ஒரு காலைப்பொழுது இருந்து பார்க்க வேண்டும்.

ஸஃப்னா பிள்ளையோடு ஏறினாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஒலிவாங்கியை நான் பிடித்துக்கொண்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எங்களுக்கு முந்தி உப்புத் தண்ணி. இப்ப நல்ல தண்ணி, அல்ஹம்துலில்லாஹ். யது அக்காக்கு நாங்க துஆ செய்றோம். இந்தா என்ட மகன். இவனுக்குத்தான் கொஞ்ச நாளா ஒதடு நீலமாப் போகுது. சேர் சொன்ன மாதிரி நல்லாக் காய்ச்சித்தான் குடுக்கிறேன், இன்னும் கூடத்தான் செய்யுது. இங்க படிச்ச ஆக்கள் நிறைய இரிக்கிறீங்க. யாராவது ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்க."

ஆங்கிலத்தில் நான் சொன்னது இது. முன்பு எங்களிடம் உப்புத் தண்ணீர்தான் இருந்தது. இப்போது, இறைவனுக்கு நன்றி, பாதுகாப்பான தண்ணீர் இருக்கிறது. யதுர்சிகாவுக்காக நாங்கள் பிரார்த்திக்கிறோம். இவன் என் மகன். மையம் சொல்லித் தந்தபடி இவனுக்குக் காய்ச்சிய தண்ணீரையே கொடுக்கிறேன். படித்தவர்களாகிய நீங்கள் எங்கள் ஊருக்கு ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும்.

நான் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. இரண்டு வசனங்களை விட்டேன். நல்ல தண்ணி என்பதைப் பாதுகாப்பான தண்ணீர் என்று மாற்றினேன். அகராதியைப் பார்க்கிற எவரும் அதைப் பெரிய பிழை என்று சொல்லமாட்டார்.

கை தட்டினார்கள். தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸஃப்னா அந்தக் கண்ணீரைப் பார்த்தாள். தன் பிள்ளைக்காக அழுகிறார் என்று நினைத்திருப்பாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். இனி யாரோ வருவார்கள் என்ற நிம்மதி அவளுடைய முகத்தில் இருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த மண்டபத்தில் நாற்பது பேருக்காவது தமிழ் தெரியும். நோய்த்தடுப்பு, தாய்சேய் நலம், ஊட்டச்சத்து என்று வருடக்கணக்காக வேலை செய்கிறவர்கள். நாற்பது பேரும் அவள் சொன்னதைக் கேட்டார்கள். நாற்பது பேரும் நான் சொன்னதையும் கேட்டார்கள். கை தட்டினார்கள். மாக்கிறட் அக்கா மேடைக்குப் பின்னால் அடுத்த படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்கவில்லை என்று நம்புகிறேன்.

தேநீர் இடைவேளையில் தாஹிர் நானா மட்டும் என் பக்கத்தில் வந்தார். மீனவர் அமைப்பு ஒன்றின் தலைவர்.

"தம்பி, அந்தப் புள்ளட ஒதட்டப் பத்தி என்னமோ சொன்னாவே. நீங்க இங்கிலீசுல சொன்னதா எனக்கு விளங்கல்லயே."

"தடிமன், நானா. நான் பாத்துக்கொள்றேன்."

"பாருங்க, பாருங்க. எங்கட ஆக்களும் அப்புடித்தான். மைக்கக் குடுத்தா குடும்பக் கதையெல்லாம் சொல்லிப்போடுவாங்க." சிரித்தார். பிறகு கேட்டார்: "எங்கட ஏழு நிமிசத்தையும் நீங்கதானே மொழிபெயர்க்கிறீங்க? கொஞ்சம் நல்லாச் செஞ்சு விடுங்க."

நல்லாத்தான் செய்தேன்.

பின்னேரம் எல்லாரையும் மணல்தோட்டத்துக்கு அழைத்துப் போனோம். தலைவி குழாயிலிருந்து ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்தார். பெரியவர்களுக்கு அந்தத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. பிறகு தாங்கிக்குப் பின்னால் போய்ச் சாக்கை எடுத்தேன். அவர் கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை சரியாக வந்தது. இதை இங்கேயே பதியுங்கள் என்றார். மேசன் ஆயத்தமாக இருந்தான். அரை மணித்தியால வேலை.

பதினான்கு மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது. மூன்று மீன் பற்றிஸ் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தேன். தலைவி ஸஃப்னாவின் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் படம்தான் நல்லது. பின்னால் கல் தெரிந்தது. பெயர் தெளிவாக வாசிக்க முடிந்தது. பிள்ளையின் உதடு மட்டும் கறுப்பாக இருந்தது. கணினியில் சற்றுச் சிவப்பாக்கினேன். எல்லாரும் படங்களைத் திருத்துகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளை பாலைக் கக்கி, பிறகு விழிக்கவில்லை. ஓட்டோவில் புத்தளத்துக்குக் கொண்டு போனார்கள். பாலாவிச் சந்திக்கு வருவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது என்று பஸீனா லாத்தா சொன்னார்.

இனி நீங்கள் நேற்றுக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆய்வுகூடத்தின் அறிக்கை எனக்கு எப்போது வந்தது என்று கேட்டீர்கள். ஒன்றுகூடலுக்கு ஒன்பது நாளுக்கு முந்திய வியாழக்கிழமை, காலை பத்தேகாலுக்கு. நான் அந்த மின்னஞ்சலைத் திறந்த நேரம் பதிவாகியிருக்கிறது. ஸஃப்னா வந்தபோது அதன் அச்சுப் பிரதி என் மேசையில் இருந்தது. கவிழ்த்து வைத்திருந்தேன்.

கிணற்று நீரில் நைத்திரேற்று, இருக்கக்கூடிய உச்ச அளவைப் போல மூன்று மடங்கு இருந்தது. வெங்காயத்துக்குப் போடும் பசளை மணலில் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. அதற்கு ருசியில்லை, மணமில்லை. புட்டிப்பால் குடிக்கும் கைப்பிள்ளைகளின் இரத்தம் அதனால் மூச்சைச் சுமக்க முடியாமல் போகும். உதடு நீலமாகும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர்தான் ஆவியாகும், அது அடியில் தங்கும். பாதியாக வற்றினால் இரட்டிப்பாகும். இவை எல்லாம் அறிக்கையின் அடியில் எழுதப்பட்டிருந்தன. எழுதப்படாவிட்டாலும் எனக்குத் தெரியும். நான் படித்ததே அதுதான்.

காய்ச்சாதே, அந்தத் தண்ணீரைத் தொடாதே என்று சொல்லியிருந்தால், பொழுது சாய்வதற்குள் நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் தெரிந்திருக்கும். சனிக்கிழமைக்குள் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள். பூட்டிய கிணற்றுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. புத்தளத்துக்குப் போகச் சொன்னால் அங்கே டொக்டர் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார். காய்ச்சச் சொன்னால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்வது அதுதான். எனக்குத் தேவைப்பட்டது ஐந்து நாள். ஒன்றுகூடல் முடிந்து வரும் திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொல்வதாக இருந்தேன். அறிக்கையை மாக்கிறட் அக்காவுக்கு அனுப்பக் கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன். கணினியில் பார்க்கலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தண்ணீரை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்ற வசனம் திட்டத்தில் முதலில் இருக்கவில்லை. யதுர்சிகாதான் அதைச் சேர்த்தாள். 'தோட்டங்களின் நடுவே இருப்பதால் கைப்பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் நைத்திரேற்று பார்க்கப்பட வேண்டும்' என்று தன் கையால் எழுதி, அடிக்கோடு போட்டிருந்தாள். மிகவும் கவனமானவள். அப்படிப்பட்ட ஒருத்தியின் பெயர் ஒரு சாக்கின் கீழே கிடக்கக்கூடாது என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

கடைசியாக ஸஃப்னாவைப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஞாயிறு பின்னேரம், மையித்து அடக்கிய பிறகு, நான் போனேன். ஆண்கள் வெளியே பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். எனக்கும் ஒன்றைத் தந்தார்கள். யாரோ பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார். நான் அந்த வீட்டுத் தண்ணீர் என்று யோசிக்காமலே குடித்தேன். சற்று நேரத்தில் ஸஃப்னா வாசல் சீலைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் ஒரு சின்னப் பானை. அடி கரிந்து, உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. எத்தனை தடவை வற்ற வற்றக் காய்ச்சியிருக்கிறாள் என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

அவள் அழவில்லை. என் மேல் கோபமும் இல்லை. பானையை எனக்குக் காட்டினாள்.

"சேர், வெள்ளிக்கிழம மட்டும் காஸ் முடிஞ்சு போச்சு. அண்டைக்கு ஒரு கொதிதான் வந்தது. அதுலதானா? நான் கொறையக் காய்ச்சினதாலதானா?"

ஒரு சாவுக்குக் காரணம் தெரியாமல் இருப்பது எவ்வளவு கொடியது என்று அந்த வீட்டில் இருந்தவர்களில் எனக்குத்தான் தெரியும். பதினான்கு மாதமாக எனக்கு யாரும் ஒரு காரணம் சொல்லவில்லை. அவளையும் அப்படி விட்டுவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

ஓம் என்றேன்.